எட்டாத கணிப்பொறியை எட்டுவது எப்படி?

விஞ்ஞானம் மனிதனுக்கு ஈந்த விந்தைகள் பலப்பல. ஓரிடத்தில் அமர்ந்தவாறே வேறோரிடத்திலுள்ள கணிப்பொறியின் திரையை நம் கண்முன் வரவழைத்து, அதனை நம் கையாலேயே இயக்குவது அவ்விந்தைகளுள் ஒன்று. இதனை ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்பர். இது ஒழுங்காக வேலை செய்யும் நாளில் எவரும் இதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ‘இணைக்க இயலவில்லை’ என்ற ஒரு வரி திரையில் தோன்றிவிட்டாலோ, அலுவலகம் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. அவ்வாறு நின்ற ஓர் அலுவலகத்தை நாங்கள் நேரில் கண்டோம். அன்று நாங்கள் கற்ற பாடத்தை எங்கள் பள்ளித் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சனிக்கிழமை மாலை மூன்று மணி

பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. தோப்புகளை ஒட்டித் தென்னை நார் மில்களுக்கும் குறைவில்லை. அத்தகைய மில் ஒன்றில் எங்கள் வகுப்புத் தோழியின் தந்தையார் கணக்கு எழுதுகிறார். சில மாதங்களுக்கு முன் அவர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட காலோடு அலுவலகத்தின் மாடிப்படி ஏற இயலாது. கணக்குக் கணிப்பொறியோ மாடியில் இருந்தது. “இனி வேலை என்னாகுமோ?” என்று வீடே கலங்கியபோது, மில்லில் கீழ் அறையொன்றில் அவருக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்த சிறு கணிப்பொறியின் வழியாக மாடிக் கணிப்பொறியை இயக்கி, அவர் வழக்கம்போல் கணக்குகளைப் பார்த்து வந்தார்.

சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே வாரச் சம்பளம். மட்டை உரிக்கவும், நார் காயப்போடவும், பித் கட்டி அடுக்கவும் வரும் பெண்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் மளிகைக் கடைக்குப் போவார்கள். அன்று நாங்கள் மூவர் தோழியோடு அங்கே சென்றிருந்தோம். மணி மூன்று. கீழ் அறையில் தோழியின் தந்தையார் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மத்தியானத்திலிருந்து இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன் கண்ணு. மாடி மிஷின் வரவே மாட்டேங்குது” என்றார்.

வாசலில் வயதான அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, “ஏனுங் சார், இன்னைக்குச் சம்பளம் உண்டுங்களா? பொழுதோட போயி அரிசி பருப்பு வாங்கோணுமுங்க” என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வதென்று எவருக்கும் தெரியவில்லை. “மாடி மிஷினையே தூக்கிட்டு வந்துடலாமுங்க” என்றார் பாரம் தூக்கும் அண்ணன் ஒருவர்.

கணினி அறிவியல் படிக்கும் மாணவியர் அல்லவா நாங்கள்? சும்மா இருப்போமா? உடனே ஓடிச்சென்று ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கி மீண்டும் செருகினோம். விளைவு என்ன? தொலை இணைப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக, வாசலில் நின்ற லாரிக்கு அச்சாகிக்கொண்டிருந்த எடைச்சீட்டு பாதியில் நின்றது! லாரி ஓட்டுநரின் முகத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அரைகுறை அறிவின் ஆபத்தை அன்றே அறிந்தோம்.

அப்பொழுதுதான் தோழிக்கு ஒருவர் நினைவு வந்தது. நம் பள்ளியின் பழைய மாணவியாகிய அக்கா ஒருவர் கோவையில் கணிப்பொறி வலையமைப்புப் பணியில் இருக்கிறார். தொலைபேசியில் அழைத்தோம். அவர் கேட்ட முதற் கேள்வி: “திரையில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே படியுங்கள். அதன்பின் எதையும் தொடாதீர்கள்.”

இது எவ்வாறு இயங்குகிறது?

பழுதை அறிவதற்கு முன் பொருளை அறிய வேண்டும். தொலை இணைப்பில் இரண்டு கணிப்பொறிகள் உண்டு. வேலை செய்வது ஒன்று, பார்ப்பது மற்றொன்று. நாம் விசைப்பலகையில் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும் இங்கிருந்து அங்கே செல்கின்றன. அங்கே திரையில் நிகழும் மாற்றங்கள் படமாக இங்கே வருகின்றன. கணக்கோ, கோப்போ இடம் பெயர்வதில்லை. அவை மாடியிலேயே இருக்கின்றன. ஆகவே இடையில் இணைப்பு அறுந்தாலும் அங்கே திறந்திருந்த வேலை அப்படியே காத்திருக்கும். மீண்டும் இணைந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இந்த எண்ணம் புதிதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மேடையில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர், ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மென்லோ பார்க்கில் இருந்த கணிப்பொறியை அனைவரும் வியக்க இயக்கிக் காட்டினார். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குள்ள தூரத்தைவிட அது சற்றே அதிகம், அவ்வளவே. விண்டோஸ் கணிப்பொறிகளில் இவ்வசதி 1998இல் ‘என்டி 4.0 டெர்மினல் சர்வர்’ பதிப்பின் மூலம் வந்தது; 2001இல் ‘எக்ஸ்பி புரொஃபஷனல்’ வாயிலாகச் சாதாரண அலுவலக மேசைகளையும் அடைந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, பல அலுவலகங்களின் வேலை நின்றுவிடாமல் காத்த கருவிகளுள் இதுவும் ஒன்று.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நாம் அவ்வீட்டாரைக் காண வேண்டுமானால், வீட்டில் ஆள் விழித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வழி இருக்க வேண்டும். கதவெண் சரியாக இருக்க வேண்டும். உரிய கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே விட நமக்கு அனுமதியும் வேண்டும். தொலை இணைப்பும் இவ்வாறே. இந்த ஐந்து படிகளையும் கீழிருந்து ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்றார் அக்கா. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

முதற் படி: ஆள் விழித்திருக்கிறாரா?

அணைந்திருக்கும் கணிப்பொறியை எவராலும் எட்ட முடியாது. உறங்கும் கணிப்பொறியும் பெரும்பாலும் அப்படியே. சிறிது நேரம் எவரும் தொடாவிட்டால் மின்சாரத்தைச் சேமிக்க அது தானே உறங்கிவிடும். பிறர் தொலைவிலிருந்து அணுக வேண்டிய கணிப்பொறியில் இவ்வமைப்பை ‘ஒருபோதும் உறங்காதே’ என்று மாற்றிவைக்க வேண்டும். திரை மட்டும் இருண்டிருப்பது தவறன்று.

எங்களில் ஒருத்தி மாடிக்கு ஓடினாள். கணிப்பொறி விழித்துத்தான் இருந்தது. முதற் படியில் பழுதில்லை.

இரண்டாம் படி: வழி இருக்கிறதா?

கணிப்பொறியின் பின்னே வலைக் கம்பி செருகும் இடத்திலும், ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டியிலும் சிறு விளக்குகள் மினுக்கும். அவை எரியாவிட்டால் கம்பி கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், பெட்டிக்கு மின்சாரம் இல்லாமலும் இருக்கலாம். நூறு கட்டளைகளைத் தட்டுமுன் ஒரு கம்பியை அழுத்திப் பார்ப்பது நலம்! இங்கே விளக்குகள் ஒழுங்காக மினுக்கின. வழியும் சரி.

மூன்றாம் படி: கதவெண் சரியா?

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. அலுவலகங்களின் உள்ளே பயன்படுத்துவதற்கென்றே சில எண் வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள், 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. தோழியின் தந்தையார் நாள்தோறும் 192.168.1.12 என்ற முகவரிக்கே இணைந்து வந்தார்.

‘பிங்’ என்றொரு கட்டளை உண்டு. அது குறித்த முகவரியை நோக்கி, “இருக்கிறாயா?” என்று குரல் கொடுக்கும். நாங்கள் 12ஆம் எண்ணுக்குக் குரல் கொடுத்தோம். “இருக்கிறேன்” என்று உடனே பதில் வந்தது! “மாடிக் கணிப்பொறி நலமாக இருக்கிறது, அக்கா!” என்று மகிழ்ந்து கூவினோம்.

அக்கா சிரித்தார். “குரல் கேட்டது சரி, அது யாருடைய குரல்?” என்று கேட்டார்.

திகைத்துப் போனோம். பிங் கட்டளைக்குப் பதில் வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது என்பதே பொருள். அது நாம் தேடும் கருவிதான் என்பதற்கு அது சான்றாகாது. அவ்வாறே, பதில் வராவிட்டாலும் கணிப்பொறி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதுகாப்பை முன்னிட்டுப் பிங்குக்குப் பதில் தர வேண்டாமென்று அது தடுக்கப்பட்டிருக்கலாம்.

“மாடிக்குப் போய் அந்தக் கணிப்பொறியிலேயே ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டிப் பாருங்கள்” என்றார் அக்கா. மீண்டும் ஓட்டம். அதற்குக் கடவுச்சொல் தேவையாயிற்றே என்று நாங்கள் தயங்க, மாடியிலிருந்த மேலாளர் தம் கணக்கில் நுழைந்து தட்டிக் காட்டினார். திரையில் வந்த எண்ணோ 192.168.1.17!

அப்படியானால் 12ஆம் எண்ணில் இருந்து பதிலளித்தது யார்? அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த அச்சுப்பொறி! அதன் சிறு திரையில் 192.168.1.12 என்று தெளிவாக எழுதியிருந்தது.

இது எப்படி நேர்ந்தது? முகவரிகளைப் பங்கிட்டுத் தருவது ரௌட்டரின் வேலை. தந்த முகவரியை நிரந்தரமாகத் தருவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைபோல் தருகிறது. யாருக்கு எது தந்தோம் என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அங்கே மின்சாரம் தடைப்பட்டது. ரௌட்டர் அணைந்து எழுந்தபோது அப்பட்டியலை மறந்துவிட்டது. சனிக்கிழமை காலை முதலில் விழித்த அச்சுப்பொறிக்கு 12ஐத் தந்துவிட்டது. நண்பகலில் எழுந்த கணக்குக் கணிப்பொறி தன் பழைய எண்ணைக் கேட்டபோது, “அது கொடுத்தாயிற்று, நீ 17ஐ வைத்துக்கொள்” என்றது. குடிமாறிப் போனவரின் பழைய வீட்டுக் கதவையே நாங்கள் மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருந்தோம்!

இவ்விடத்தில் மற்றொன்றையும் அறிந்து வைப்போம். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணிப்பொறி எவரிடமிருந்தும் முகவரி பெறவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ரௌட்டரையும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கதவு திறந்திருக்கிறதா?

ஒரு கணிப்பொறிக்குப் ‘போர்ட்’ எனப்படும் வாயில்கள் பல. 65,535 வரை எண் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒரு வாயில். விண்டோஸின் தொலை இணைப்புக்கு வழக்கமான வாயில் 3389. ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்ற கட்டளை அவ்வாயில் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். 12ஆம் முகவரியில் தட்டியபோது ‘ஃபால்ஸ்’ என்றது. அச்சுப்பொறிக்கு அவ்வாயில் ஏது? 17ஆம் முகவரியில் தட்டியபோது ‘ட்ரூ’ என்றது. எங்கள் உள்ளத்தில் எழுந்த உவகைக்கு அளவேயில்லை.

முகவரி சரியாக இருந்தும் வாயில் மூடியிருந்தால் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, அக்கணிப்பொறியில் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு, அது விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பா? ஹோம் பதிப்பிலிருந்து பிற கணிப்பொறிகளை அணுகலாமேயன்றி, இம்முறையில் அதனை அணுக முடியாது. மூன்று, ஃபயர்வால் என்னும் காவலாளி தடுக்கிறானா?

மூன்றாவதைக் கேட்டதும், “காவலாளியையே அணைத்துவிடலாமே, அக்கா?” என்றாள் எங்களில் ஒருத்தி. “கதவைத் திறக்கத் தெரியாதவர் சுவரை இடிப்பாரா?” என்று அக்கா கடிந்துகொண்டார். இந்த ஒரு வாயிலுக்கு, இந்த ஒரு பணிக்கு, உள் வலையமைப்புக்கு மட்டும் அனுமதி தருவதே முறை.

ஐந்தாம் படி: உள்ளே விட அனுமதி உண்டா?

கதவு திறந்தாலும் எல்லாரும் நுழைய முடியாது. நிர்வாகிகளுக்கும், தொலை இணைப்புப் பயனர் குழுவில் சேர்க்கப்பட்டவர்களுக்குமே இடமுண்டு. கடவுச்சொல்லே இல்லாத கணக்கைத் தொலைவிலிருந்து திறக்க விண்டோஸ் இசைவதில்லை. சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம். நாம் நுழைந்தால் அங்கே அமர்ந்திருப்பவர் வெளியேற நேரும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டு நுழைவது மரியாதையுமாகும். பலர் ஒருங்கே நுழையும் சர்வர் கணிப்பொறிக்குத் தனி உரிமம் வேண்டும். 120 நாள் சலுகைக் காலம் முடிந்ததும், நேற்றுவரை வந்த இணைப்பு இன்று திடீரென மறுக்கப்படும். பெரிய அலுவலகங்களில் இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்குமேல் வேறுபட்டாலும் அனுமதி கிடைக்காமற் போகலாம்.

ஒரு பக்கம் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருப்பதும் தொல்லை தரும். 2018 மே மாதத்தில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின், திருத்தம் பெற்ற கணிப்பொறி பெறாத கணிப்பொறியோடு சேர மறுத்து, உலகெங்கும் பல அலுவலகங்களைத் திகைக்க வைத்தது. இரண்டையும் புதுப்பிப்பதே அதற்கு மருந்து.

நாங்கள் 17ஆம் முகவரியைக் கொடுத்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது: இக்கணிப்பொறி இன்னதென்று உறுதி செய்ய இயலவில்லை, தொடரலாமா? பயந்துபோனோம். “எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள். அதில் எழுதியிருக்கும் பெயரும் மாடிக் கணிப்பொறியின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்” என்றார் அக்கா. ஒன்றாகவே இருந்தது. தோழியின் தந்தையார் கடவுச்சொல்லைத் தட்டினார். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மறுகணம் மாடித் திரை கீழே மலர்ந்தது! மணி நான்கேகால்.

செய்யக் கூடாதவை

அவசரத்தில் சிலர் 3389ஆம் வாயிலை இணையத்தை நோக்கித் திறந்து வைத்துவிடுகிறார்கள். ‘வீட்டிலிருந்தும் எளிதாக வரலாமே’ என்பது அவர்கள் எண்ணம். நமக்கு எளிதானது திருடனுக்கும் எளிதல்லவா? 2019 மே 14ஆம் நாள், பழைய விண்டோஸ்களின் தொலை இணைப்பில் ‘புளூகீப்’ என்னும் பெரும் ஓட்டை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதன் வழியாக நுழைந்துவிடலாம். 2014இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்றால் அபாயத்தின் அளவை உணரலாம். வெளியூரிலிருந்து அலுவலகத்தை அணுக வேண்டுமானால், வி.பி.என். என்னும் காவலுள்ள தனிவழியை முதலில் அமைத்து, அதன் உள்ளேதான் வர வேண்டும்.

இன்னொன்று நம் இல்லங்களைப் பற்றியது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தொலைத்திரைச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கச் செய்து, பணத்தைக் கறந்துவிடும் கயவர்கள் உண்டு. இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நாம் அழைக்காத எவருக்கும் நம் திரையைக் காட்டலாகாது. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதைப் பாட்டி தாத்தாவுக்கும் எடுத்துச் சொல்வது நம் கடமை.

நிலையான தீர்வு

அன்று இணைப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த மின்தடையில் மீண்டும் இதே கதைதானே? திங்களன்று அக்கா நேரில் வந்தார். ஒவ்வொரு வலைக் கருவிக்கும் ‘மேக்’ முகவரி என்ற தனி அடையாளம் உண்டு. ‘இந்த அடையாளம் உடையவருக்கு எப்போதும் இந்த முகவரியே’ என்று ரௌட்டரில் ஒதுக்கீடு செய்தார். கணக்குக் கணிப்பொறிக்கு 12 திரும்பக் கிடைத்தது, அச்சுப்பொறிக்கு வேறெண். கணிப்பொறிகளின் பெயரையும் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். சிறு மின்தடையில் ரௌட்டர் அணையாதிருக்க அதனை யு.பி.எஸ். கருவியோடு இணைத்தார். ஆன செலவு சொற்பம். அடைந்த நிம்மதியோ பெரிது.

முடிவாக...

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குச் சம்பளப் பட்டியல் அச்சாகியது, சற்றுமுன் எங்களைத் தவறாக வழிநடத்திய அதே அச்சுப்பொறியில்! அரை மணி தாமதம்தான். அந்த வயதான அம்மாள் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, “நல்லா இருங்க சாமி” என்று எங்களை வாழ்த்திவிட்டுச் சென்றார். தோழியின் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மாவுக்கட்டுக் காலை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுத் தம் மகளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த ஒரு புன்னகைக்குள் எத்தனை நாட்களின் கவலை கரைந்திருக்கும்!

தோழியரே! பழுது பார்ப்பது மந்திரமன்று. திரையில் உள்ளதைப் பொறுமையாகப் படிப்பதும், எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுவதும், கேட்ட குரல் யாருடையது என்று உறுதி செய்துகொள்வதும், தெரியாதபோது தெரிந்தவரைக் கேட்பதுமே அதன் சூட்சுமம். கணிப்பொறியை மட்டுமன்று, வாழ்வில் எதிர்ப்படும் எந்தச் சிக்கலையும் அவிழ்க்க இம்முறை துணை நிற்கும். ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்க ஓடுமுன் ஒரு கணம் நின்று சிந்திப்போமாக!